அருகம்புல்லை கவனிக்க ஆள் இருக்கா? மைதானத்தை காப்பாற்றுவது திறப்பு விழா அல்ல, தினசரி பராமரிப்பு!

காஞ்சீபுரம்,

பிள்ளையாருக்கு சாத்துகிற அருகம்புல்லும், கோடீஸ்வரர்கள் கோல்ப் ஆடும் பச்சைக் கம்பளமும் ஒரே இனம் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகணும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு பெர்முடா புல் என்று பெயர் வைத்து, கலப்பின ரகங்களை உருவாக்கி, வெயில் அதிகமுள்ள நாடுகளின் கோல்ப் மைதானங்களில் வளர்க்கிறார்கள்.

அங்கே கம்பளமாக கிடக்கும் புல், நம்ம ஊர் பள்ளிக்கூட மைதானங்களில் மட்டும் ஏன் சொட்டை விழுந்து நிற்கிறது? குறை புல்லில் இல்லை, பராமரிப்பில்தான்.

கோல்ப்காரர்கள் செய்வது என்ன?

முதல் வேலை, வெட்டு. பந்தை குழியில் தள்ளும் இடத்தில் புல்லின் உயரம் சில மில்லி மீட்டர்தான். சீசனில் தினமும் வெட்டுவார்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பது கணக்கு. மாதக்கணக்கில் வளரவிட்டு ஒரே நாளில் மொட்டை அடித்தால் வேர் பலவீனமாகி விடும்.

இரண்டாவது, காற்று. ஆட்கள் மிதித்து மிதித்து மண் கெட்டித்தட்டி போகும். வேர் மூச்சு விட முடியாது, மழைத் தண்ணீரும் இறங்காது. அதனால் வருடத்தில் சில தடவை மண்ணில் துளை போட்டு மணல் நிரப்புகிறார்கள்.

மூன்றாவது, தண்ணீர். தினமும் லேசாக தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக பாய்ச்சினால்தான் வேர் கீழே இறங்கி வெயிலை தாங்கும். வெளிநாடுகளில் பல கோல்ப் மைதானங்களுக்கு சுத்திகரித்த கழிவுநீரே போகிறது. குடிநீரில் கை வைக்கத் தேவையில்லை.

தர்மசாலா தந்த பாடம்

பணத்தை கொட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் இமாச்சல பிரதேசத்தின் தர்மசாலா மைதானத்தை பார்க்கணும். அங்கே மைதானத்தை புதுசாக போட்டார்கள். ஆனால் புல் சரியாக பிடிக்காததால் 2023 மார்ச்சில் நடக்க இருந்த இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் போட்டி இந்தூருக்கு மாறியது.

அதே ஆண்டு அக்டோபரில் உலகக்கோப்பை போட்டி நடந்தபோதும் பிரச்சினை தீரவில்லை. ஆப்கானிஸ்தான் வீரர் முஜீப் பந்தை தடுக்க சறுக்கியபோது முழங்கால் மண்ணில் குத்தியது. பெரிய காயமில்லாமல் தப்பினார். இங்கிலாந்து கேப்டன் பட்லரும் மைதானம் மோசம் என்று குறை சொன்னார். உலகக்கோப்பைக்கே இந்த கதி! புல் வேர் பிடிக்க நாள் ஆகும். அதை காசு கொடுத்து வாங்க முடியாது.

நமக்கு என்ன?

கோல்ப் பணக்காரன் ஆட்டம், நமக்கு எதுக்கு என்று கேட்கலாம். நியாயம்தான். சென்னை கிண்டியில் ரேஸ் கிளப் வசம் இருந்த சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு எடுத்துக்கொண்டது. கோல்ப் மைதானமும் அதற்குள்தான் இருந்தது. அங்கே பசுமைப் பூங்கா வரும் என்று அறிவித்தார்கள். பொதுமக்களுக்கு இடம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் பத்து வருஷம் கழித்தும் அந்த பச்சை இருக்குமா என்பதுதான் கேள்வி.

காஞ்சீபுரத்திலும் அதே கேள்விதான். போலீஸ், ராணுவ வேலைக்கு ஓடிப் பழகும் பையன்களுக்கு ஜிம் கட்ட காசு கிடையாது. மைதானம்தான் கதி. கட்டாந்தரையில் ஓடி முட்டி போனால் உடல்தகுதி தேர்வில் அவர்கள் கனவும் சேர்ந்து போகும்.

இதற்கு கோடிகள் தேவையில்லை. மைதானத்துக்கு ஒரு நிரந்தர ஆள், புல் வெட்டும் மெஷின், வருடம் தவறாமல் மணல், வடகிழக்கு மழைக்கு முன்பே சரி செய்த வடிகால். வண்டி, பந்தல், மாடு உள்ளே வராமல் ஒரு வேலி. பட்ஜெட்டில் கட்டிடத்துக்கு ஒதுக்கும்போதே பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒரு தொகை எழுதி வைக்கணும்.

பாவில் ஒரு இழை அறுந்தால் நெசவாளி அப்பவே முடிச்சு போடுகிறார். சேலை முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. புல்லுக்கும் அதே கவனிப்புதான் வேண்டும். பராமரிப்பு அத்திவரதர் தரிசனம் மாதிரி 40 வருஷத்துக்கு ஒருமுறை என்றால் அருகம்புல் கூட பிழைக்காது.

அடுத்த மைதானத்துக்கு ரிப்பன் வெட்டும் முன், புல் வெட்ட ஆள் போடுவார்களா?