பழைய குருடி, கதவைத் திறடி!

"பழைய குருடி, கதவைத் திறடி" என்று நம் நாட்டில் ஒரு பழமொழி உண்டு. சீர்திருந்தப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் நாலு நாளில் பழைய வழிக்கே திரும்பி வந்தால், அவனைப் பார்த்து இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். இப்போது இந்தப் பழமொழிக்குப் புதிதாக ஓர் ஆள் அகப்பட்டிருக்கிறார். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் கொடுத்துப் புத்தம் புதிய மடிக்கணினி வாங்கி வந்து, அதனோடு வந்த புதிய விண்டோஸைத் துடைத்துவிட்டுப் பழைய விண்டோஸை அதில் ஏற்றச் சொல்கிறாரே, அவர்தான். வீட்டுப் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பழுது பார்க்கும் கடைக்காரரும் உள்ளுக்குள் சிரித்துக் கொள்கிறார். நாம் சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அந்த நியாயத்துக்கு ஒரு தவணை உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நமது கடமை.

விண்டோஸ் முதலியவற்றுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். தமிழில் இயங்குதளம் என்று வழங்குகிறார்கள். முன்பெல்லாம் பெரிய குடும்பங்களில் காரியஸ்தர் என்று ஒருவர் இருப்பார். களஞ்சியத்துச் சாவி, வரவு செலவு, வேலைக்காரர்களை ஏவுவது, வாசலில் வந்து நிற்பவனை உள்ளே விடலாமா என்று பார்ப்பது, எல்லாம் அவர் பொறுப்பு. கணினிக்குள் இயங்குதளம் வகிக்கும் உத்தியோகமும் அதுவே. நாம் தட்டும் எழுத்தை வாங்கிக்கொள்வதும், திரையில் காட்டுவதும், டிஸ்க்கில் பத்திரப்படுத்துவதும், அச்சிட அனுப்புவதும் அதன் மூலமாகத்தான் நடைபெற வேண்டும். நாளடைவில் யஜமானர் காரியஸ்தரின் போக்குக்குப் பழகிவிடுகிறார். எது எங்கே இருக்கிறது என்று யோசிக்காமலே கை போகிறது. இந்தப் பழக்கத்தைச் சோம்பல் என்று சொல்வது தவறு. பல வருஷ உழைப்பினால் சேர்த்த சொத்து அது. ஒரே நாளில் அதைச் செல்லாக் காசாக்கினால் மனிதனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இந்தக் கோபம் உலகெங்கும் பெரிதாகக் கிளம்பியது 2007-ம் வருஷத்தில். மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2001 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி, ஐந்து வருஷத்துக்கு மேலாக வீடுகளிலும் ஆபீஸ்களிலும் ஆட்சி செலுத்தி வந்தது. 2007 ஜனவரி 30-ந் தேதி அதன் வாரிசாக விண்டோஸ் விஸ்டா பொதுஜனங்களுக்கு விற்பனைக்கு வந்தது. எக்ஸ்பிக்கு 128 மெகாபைட் நினைவகம் போதும் என்று சொல்லியிருந்தார்கள். விஸ்டாவின் அலங்காரம் முழுவதையும் அநுபவிக்க 1 கிகாபைட், அதாவது அதைப்போல் எட்டு மடங்கு, வேண்டியிருந்தது. சின்னச் சின்ன மாறுதல்களுக்கெல்லாம் திரையை இருட்டாக்கிக்கொண்டு "இதைச் செய்யலாமா?" என்று அநுமதி கேட்டது. பழைய பிரிண்டர்களும் ஸ்கானர்களும் பல அதனோடு ஒத்துழைக்க மறுத்துவிட்டன.

இதைவிட ரஸமான விஷயம் ஒன்று உண்டு. 'விஸ்டாவுக்குத் தகுதியுள்ளது' என்று சீட்டு ஒட்டி விற்ற கணினிகள் பலவற்றில் அந்த அலங்காரம் ஓடவே இல்லை. இண்டெல் கம்பெனியின் 915 என்ற சில்லுத் தொகுதிக்கு விஸ்டாவின் சித்திர வேலையைத் தாங்கும் சக்தி கிடையாது. இருந்தும் அதற்கும் சீட்டுக் கிடைக்கும்படி விதியைத் தளர்த்தியிருந்தார்கள். இதைக் குறித்து அமெரிக்காவில் வழக்கு நடந்தது. பலர் சார்பில் நடத்தும் பொது வழக்கு என்ற அந்தஸ்தை 2009-ல் நீதிபதி ரத்துச் செய்துவிட்டார் என்பது வேறு விஷயம். ஆனால் அதற்கு முன்பே, 2008-ல், கம்பெனிக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து அம்பலத்துக்கு வந்துவிட்டது. தாம் 2,100 டாலர் கொடுத்து வாங்கிய மடிக்கணினி ஈமெயில் பார்ப்பதற்கு மட்டுமே உதவும் யந்திரமாகிவிட்டது என்று அக்கம்பெனியின் உயர்தர அதிகாரி ஒருவரே அதில் நொந்து கொண்டிருந்தார். சமைத்தவரே இப்படிச் சொன்னால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் என்ன செய்வார்கள்?

பழைய எக்ஸ்பியைத் தேடிப் போனார்கள். அதை விற்பதை நிறுத்தாதீர்கள் என்று 'இன்போவர்ல்ட்' பத்திரிகை விண்ணப்பம் ஒன்று தயாரித்தது. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் பெயர் கொடுத்தார்கள். ஆயினும் 2008 ஜூன் 30-ந் தேதியோடு, விலை குறைந்த சிறிய மடிக்கணினிகள் போன்ற சில இனங்கள் நீங்கலாக, விற்பனை நிறுத்தப்பட்டது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7, விஸ்டாவைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. ஜனங்களும் மனமார ஏற்றுக்கொண்டார்கள். 2012-ல் விண்டோஸ் 8 வந்து, எல்லோரும் பழகிய 'ஸ்டார்ட்' பொத்தானையே எடுத்துவிட்டது. மறுபடியும் கூச்சல், மறுபடியும் பழையதைத் தேடி ஓட்டம். அடுத்த வருஷம் அக்டோபரில் 8.1 என்னும் திருத்திய பதிப்பில் பொத்தான் திரும்பி வந்தது. வேண்டாம் என்று சொல்லத் துணிந்தவர்கள் இல்லாவிட்டால் இந்தத் திருத்தங்கள் நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

இதில் வெறும் சௌகரியத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று அடங்கியிருக்கிறது. 2008-ல் நமது பள்ளிக்கூட ஆபீஸுக்குப் புது மடிக்கணினி ஒன்று வந்தது. உள்ளே விஸ்டா. பழைய மாணவர் ஒருவர் அன்போடு எழுதிக் கொடுத்திருந்த மதிப்பெண் பதிவேட்டுப் புரோகிராம் அதில் ஓட மறுத்தது. பிரிண்டரும் வாயைத் திறக்கவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை அனுப்ப நாலே நாள்தான் பாக்கி. குமாஸ்தா நமது முகத்தைப் பார்த்தார். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம். அன்று மாலை விஸ்டாவை அனுப்பிவிட்டு எக்ஸ்பியை அமர்த்தினோம். மறுநாள் பட்டியல் அச்சாகி வெளிவந்தது. நாகரிகத்தில் பின்தங்கியவர்கள் என்று யாராவது நம்மைச் சொல்லியிருந்தால் சந்தோஷமாக ஒப்புக்கொண்டிருப்போம். யந்திரம் இருப்பது பிள்ளைகளின் பெயர்களை எழுதுவதற்காக. யந்திரத்துக்காகப் பிள்ளைகள் இல்லை.

நிற்க. இன்று அதே காரியத்தைச் செய்ய விரும்புகிறவருக்கு நாம் சொல்வது என்ன? 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. பொத்தான்களை ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொண்டு போயிற்று. குடிவரும்போதே மைக்ரோஸாப்ட் கணக்கும் இண்டர்நெட் இணைப்பும் கேட்டது. இவற்றைப் பிடிக்காதவர்கள் விண்டோஸ் 10-க்குத் திரும்ப நினைப்பது இயல்பே. பழையதிலிருந்து 11-க்கு ஏறியவர்களுக்குப் பத்து நாளுக்குள் திரும்பி வர ஒரு வழி உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கடையிலிருந்தே 11-உடன் வந்த யந்திரத்தில் திரும்பிப் போகப் பழைய வீடு இல்லை; எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஆகையால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழைய காரியஸ்தருக்குப் புது வீட்டின் பூட்டுக்களைத் திறக்கத் தெரியுமா என்பது. கணினியின் ஒவ்வோர் உறுப்போடும் பேசுவதற்கு 'டிரைவர்' என்று ஒரு சிறு புரோகிராம் வேண்டும். டிரைவர் இல்லாத பஸ்ஸைப் போலவே டிரைவர் இல்லாத உறுப்பும் ஷெட்டில் கிடக்க வேண்டியதுதான். எக்ஸ்பியை ஏற்றப் போனவர்களுக்கு அந்நாளில் புதிய ரக ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை. ஆரம்பத்திலேயே எப்-6 விசையை அமுக்கி, பிளாப்பியிலிருந்து டிரைவரை ஊட்ட வேண்டியிருந்தது. மடிக்கணினியிலோ பிளாப்பி வைக்க இடமே கிடையாது! பிற்காலத்தில் விண்டோஸ் 7-ஐ ஏற்றப் போனவர்களுக்கு, புதிய யு.எஸ்.பி. துளைகளைப் பழையவர் அறியாததால், சாவிப்பலகையும் மௌஸும் பாதியில் உயிரை விட்டன. இன்றும் இண்டெல் சில்லுள்ள மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 10-ஐ ஏற்றும்போது, "டிஸ்க் எதுவும் இல்லை" என்று திரை கைவிரிக்கும். டிஸ்க் இருக்கிறது; அதைக் காணும் டிரைவர்தான் இல்லை. ஆதலால் யந்திரம் செய்தவரின் தளத்துக்குச் சென்று, நமது மாடலுக்குப் பழைய விண்டோஸின் டிரைவர்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, அவற்றை ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே துடைக்கத் தொடங்க வேண்டும். அங்கே இல்லையென்றால் அந்த எண்ணத்தை அன்றே விட்டுவிடுவது உத்தமம்.

துடைப்பதற்கு முன் இன்னும் இரண்டு காரியங்கள். வந்த விண்டோஸைத் திரும்பக் கொண்டுவரும் மீட்புப் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து அலமாரியில் பூட்டி வையுங்கள். புது மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் சங்கேத பாஷையில் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் குறித்துக் கொள்ளுங்கள். உள் அமைப்பில் கை வைத்தால் அது எந்தச் சமயத்திலும் அந்த எண்ணைக் கேட்கலாம்.

இரண்டாவது கேள்வி உரிமையைப் பற்றியது. பணம் கொடுத்தது நாம். யந்திரம் இருப்பது நம் மேஜைமேல். உள்ளே எந்தக் காரியஸ்தரை வைப்பது என்பதும் நம் இஷ்டந்தானே என்று தோன்றும். ஒப்பந்தம் அப்படிச் சொல்லவில்லை. விஸ்டா காலத்தில் 'பிஸினஸ்', 'அல்டிமேட்' என்ற விலை உயர்ந்த பதிப்புக்களை வாங்கியவர்களுக்குத்தான் எக்ஸ்பிக்குத் திரும்பும் உரிமை எழுதப்பட்டிருந்தது. நமது ஆபீஸ் யந்திரம் பிஸினஸ் பதிப்பாக வாய்த்திருந்தது. வீட்டுப் பதிப்புக்கு அந்த உரிமை இல்லை. 11-லும் 'புரோ' பதிப்புக்கே அந்த உரிமை. அதிகம் கொடுத்தவனுக்கு மட்டும் பழைய கதவு திறக்கும் என்பது நமக்கு நியாயமாகப் படவில்லை. குடும்பத்துக்கு வாங்குகிறவர்கள் கடையிலேயே பதிப்பின் பெயரைக் கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: பழைய காரியஸ்தர் இன்னும் எத்தனை நாள் காவல் இருப்பார்? இயங்குதளத்தில் திருடர் நுழையும் ஓட்டைகள் அவ்வப்போது தெரிய வரும். கம்பெனியார் அடைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு தேதிக்குப் பிறகு அடைப்பதை நிறுத்திவிடுவார்கள். எக்ஸ்பிக்கு அந்தத் தேதி 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. கடைசியில் சொன்னதற்கு, பதிவு செய்துகொள்ளும் வீட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருஷம் தவணை நீட்டினார்கள்.

2017 மே மாதத்தில் 'வானாக்ரை' என்ற துஷ்டப் புரோகிராம் உலகைச் சுற்றியபோது இதன் அருமை விளங்கிற்று. கோப்புக்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டைக்கு அடைப்பு மார்ச் மாதமே வந்திருந்தது. காவல் முடிந்துவிட்ட எக்ஸ்பிக்கு மட்டும் ஆபத்து வந்த பிறகுதான் விசேஷமாகக் கொடுத்தார்கள். அடைப்புக் கையில் கிடைத்தும் ஏற்றிக்கொள்ளாத விண்டோஸ் 7 யந்திரங்களே பெரும்பாலும் அகப்பட்டுக்கொண்டன. பழைய வீடானாலும் புது வீடானாலும் கதவைச் சாத்த வேண்டியது அவசியம் என்பது இதிலிருந்து தெரிகிறது. சாத்துவதற்குக் கதவே இல்லாத வீட்டில் பாங்குக் கணக்கைத் திறப்பது எப்படிச் சரியாகும்?

ஒரு பழைய புரோகிராமுக்காகவே பழைய விண்டோஸ் வேண்டியிருந்தால் மத்திய வழி ஒன்று உண்டு. புதியதற்குள்ளேயே பழையதை ஓர் அறையில் குடிவைக்கலாம். மெய்நிகர் கணினி என்று இதற்குப் பெயர். விண்டோஸ் 7-ன் உயர்ந்த பதிப்புக்களுக்கு 'எக்ஸ்பி மோட்' என்று கம்பெனியாரே அதைச் செய்து கொடுத்தார்கள். அந்த அறைக்கு இண்டர்நெட் வாசலை மட்டும் வைக்காதீர்கள். நமது மதிப்பெண் பதிவேடும் 2014-க்கு முன்பே அப்படி ஓர் அறைக்குக் குடிபோய், அங்கிருந்து நிதானமாகப் புதிய ஏட்டுக்கு மாறிற்று.

ஆகவே, பழைய விண்டோஸைக் கேட்பவரைப் பார்த்து இனி யாரும் சிரிக்க வேண்டாம். டிரைவர் உண்டா, உரிமை உண்டா, காவல் எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் அவரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் விடை வைத்திருந்தால் கதவைத் திறந்து விடுங்கள். தேதியை மட்டும் சுவரிலுள்ள காலண்டரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, சிவப்பு மசியினால் குறித்து வையுங்கள்.