முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசிப் பக்கத்தில் ஒரு விலை

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட என்று அச்சடித்திருக்கும். இது ஆதியிலிருந்தே இருந்த வழக்கமில்லை. முன்பெல்லாம் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டிருப்பார்கள். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு கடைக்காரர் வாய்க்கு வந்ததைக் கூட்டிக்கொள்வார். என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1990-இல் விதியைத் திருத்தி, அச்சடித்த விலைக்குள் வரி எல்லாம் அடக்கமாக இருக்க வேண்டும் என்று கொண்டு வந்தார்கள். அன்றோடு பெட்டிக்கடைச் சண்டைகளில் பாதி ஓய்ந்தது.

தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வந்துவிட்ட அந்த ஒழுங்கு, ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் விமான டிக்கெட்டுக்கும் குடும்பச் சுற்றுலாவுக்கும் இன்னும் முழுதாக வரவில்லை என்பதுதான் என் குறை.

தனிச் சேவைக்குத் தனிக் கட்டணம் என்பதை நான் எதிர்க்கவில்லை. கைப்பையோடு போகிற இளைஞன், ஊறுகாயும் முறுக்கும் கட்டிக்கொண்டு போகிற என் பெட்டிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? எனக்கு ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்றால் அதற்கு விலை வைக்கட்டும். அது வியாபாரம். நான் கேட்பதெல்லாம், மொத்தம் எவ்வளவு என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள் என்பதுதான்.

நான் கணக்குத் துறையில் இருந்தவன். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பில்லைப் பார்த்தே காலம் போனது. அந்தப் பழக்கத்தில், காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து டில்லி போக டிக்கெட் போட்டபோது ஒவ்வொரு பக்கத்திலும் வந்த தொகையைத் தாளில் குறித்து வைத்தேன். நானும் மனைவியும், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேரன், ஐந்து வயதுப் பேத்தி. ஆறு பேர். முதல் பக்கத்தில் தலைக்கு 5,640 ரூபாய். ஆக 33,840. அடுத்த பக்கத்தில் பயணக் காப்பீடு, தலைக்கு 199 வீதம், நாங்கள் கேட்காமலே டிக் போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்து இருக்கை, தலைக்கு 300. கடைசியில், கார்டு நம்பர் கேட்கும் பக்கத்தில், வசதிக் கட்டணம் தலைக்கு 350. கூட்டினால் 38,934. போகிற வழிக்கு மட்டும் 5,094 ரூபாய் ஏறிவிட்டது. நூற்றுக்குப் பதினைந்து. திரும்பி வருவதற்கு இதே கூத்து இன்னொரு முறை.

இதில் எனக்குப் புரியாதது அந்த வசதிக் கட்டணம். யாருக்கு வசதி? கவுண்டரில் ஒரு குமாஸ்தா செய்ய வேண்டிய வேலையை நாமே கண்ணாடி போட்டுக்கொண்டு செய்கிறோம். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் நாமே அடிக்கிறோம். அதற்கு நம்மிடமே கூலி. சரி, பணப் பரிமாற்றத்துக்கு பாங்க் வாங்கும் தொகை என்கிறார்கள். அப்படியானால் ஒரே கார்டு, ஒரே ஓ.டி.பி., ஒரே பரிமாற்றம், கட்டணம் மட்டும் ஏன் ஆறு தடவை? யு.பி.ஐ. மூலம் கட்டினால் வியாபாரியிடம் பாங்க் எம்.டி.ஆர். என்ற கமிஷன் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்தே இருக்கிறது. ரயில் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யில் போட்டாலும் வசதிக் கட்டணம் உண்டுதான். ஆனால் அது ஒரு டிக்கெட்டுக்கு, அதில் எத்தனை பேர் இருந்தாலும். (ரயிலைப் பற்றிப் பேசினால் எனக்கு வேறு ஒரு கோபம் வரும். 2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி நிறுத்திய மூத்த குடிமக்கள் சலுகை. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவிகிதம். அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.)

இந்த மாதிரி தந்திரங்களுக்கு அரசாங்கமே பெயர் வைத்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் ‘டார்க் பேட்டர்ன்’களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதின்மூன்று வகைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். நாம் கேட்காத பொருளைக் கூடையில் போடுவது ஒன்று. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணங்களில் விமான டிக்கெட்டோடு பயணக் காப்பீட்டைத் தானாகச் சேர்ப்பதும் இருக்கிறது. விலையைச் சொட்டுச் சொட்டாகக் காட்டுவது இன்னொன்று. மூன்றாவதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். காப்பீடு வேண்டாம் என்று சொல்கிறவரை ‘நான் பாதுகாப்பில்லாமல் இருந்துகொள்கிறேன்’ என்ற வாசகத்தை அழுத்த வைப்பது. பேரன் பேத்தியோடு போகிற தாத்தா அதை அழுத்துவாரா? சில நூறு ரூபாய்க்காக நம்மைக் குற்றவாளிபோல உணர வைக்கிறார்கள். ஆக, விதி வந்தாகிவிட்டது. நாங்கள் பார்த்த பக்கத்தில் டிக் இருந்ததென்னவோ இருந்ததுதான். மகன் அதை எடுத்துவிட்டான். 1,194 ரூபாய் குறைந்தது.

இருக்கை விஷயம் இதைவிட நுட்பமானது. வெப் செக்-இன் செய்யும்போது படம் காட்டுவார்கள். கலர் கலராகக் கட்டங்கள், எல்லாவற்றிலும் ஒரு விலை. பணம் கட்டினால்தான் உட்கார இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி இல்லை. டிக்கெட் வாங்கிய அன்றே இடம் நமக்கு உண்டு. நாமாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்கள் ஏதாவது ஒன்றைக் காசில்லாமல் ஒதுக்கியாக வேண்டும். அதற்கான பொத்தான் ஒரு மூலையில், மங்கலான எழுத்தில் இருக்கும். குழந்தைகளைப் பிரித்து உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் குடும்பஸ்தர்கள் பணம் கட்டுகிறார்கள். பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைக்கு, அதே பி.என்.ஆரில் பயணம் செய்யும் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுக்க வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., 2024 ஏப்ரலில் சொல்லிவிட்டது. ஆகவே குழந்தைகளை வேறு டிக்கெட்டில் போடாமல், பெரியவர்களோடு ஒரே பி.என்.ஆரில் போடுவது முக்கியம். நாங்கள் இருக்கைக்குப் பணம் கட்டவில்லை. பேத்தி அம்மாவோடும் பேரன் அப்பாவோடும் உட்கார்ந்தார்கள். எனக்கும் மனைவிக்கும் நடுவில் ஏழு வரிசை. இரண்டே முக்கால் மணி நேரம் தனித்தனியாக இருந்ததில் இருவருக்கும் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னாள்.

விமான நிலையத்துக்குப் போய் கவுண்டரில் போர்டிங் பாஸ் கேட்டால் 200 ரூபாய் என்று ஒரு காலத்தில் சில நிறுவனங்கள் வாங்கிக்கொண்டிருந்தன. போனில் செக்-இன் செய்யத் தெரியாதவர்கள் யார்? நம்மைப் போன்றவர்கள்தான். 2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், அப்படித் தனியாக வாங்குவது விதிகளுக்கு உட்பட்டதல்ல என்று அறிவித்தது. யாராவது கேட்டால் தைரியமாக மறுக்கலாம்.

ரத்து செய்யும்போது போகிற பணம்தான் பெரிய பணம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாவு காரியத்தால் நானும் மனைவியும் போக வேண்டிய பயணத்தை நிறுத்தினோம். சலுகைக் கட்டண டிக்கெட், ஒரு பைசா திரும்ப வராது என்று டிக்கெட் போட்ட இடத்தில் சொன்னார்கள். பலரும் அதோடு விட்டுவிடுவார்கள். ஆனால் டி.ஜி.சி.ஏ.யின் விதி 2016 ஆகஸ்டிலிருந்து தெளிவாக இருக்கிறது. ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. வரிகள், விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணம் போன்றவற்றைத் திருப்பித் தந்தாக வேண்டும்; சலுகை டிக்கெட்டானாலும் சரி, விமானத்துக்கே போகாமல் இருந்துவிட்டாலும் சரி. பணத்தைத் திருப்புவதற்கென்று தனிக் கட்டணம் பிடிக்கக் கூடாது. பணமாக வேண்டுமா, அடுத்த பயணத்துக்கு வரவாக வைத்துக்கொள்ளட்டுமா என்பது நம் விருப்பம், அவர்கள் விருப்பம் அல்ல. இதையெல்லாம் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினேன். ஆபீஸ் நோட் எழுதிய கை அல்லவா, கடிதம் கொஞ்சம் நீளம். மூன்று வாரத்தில் இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து 1,870 ரூபாய் வந்தது. பெரிய தொகை இல்லை. ஆனால் கேட்காமல் இருந்திருந்தால் அது யார் கணக்கில் இருந்திருக்கும்? கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் ஏர்சேவா செயலியில் புகார் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

விமானத்தை விட்டு இறங்கினால் ஹோட்டல். இங்கே வரி ஒரு விசித்திரம். 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், அதற்கு மேல் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770. 7,600 ரூபாய் அறைக்கு 8,968. இருநூறு ரூபாய்தானே கூட என்று நினைத்தால் வித்தியாசம் 1,198. இதையும் முதல் பக்கத்தில் ‘வரிகள் தனி’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, கடைசியில்தான் காட்டுகிறார்கள். டிசம்பர் 24, 31 தேதிகளில் சில ரிசார்ட்டுகளில் விருந்துக் கட்டணம் கட்டாயம். ஒன்பது மணிக்குத் தூங்குகிற எனக்கும் நள்ளிரவு டான்ஸுக்குப் பணம். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நுகர்வோர் ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை, 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் சரி என்று சொல்லிவிட்டது.

எல்லாப் பழியையும் கம்ப்யூட்டர் மேல் போடவும் முடியாது. நம் ஊர் வேன் கணக்கு அதற்கு அண்ணன். மூணாறுக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவோம். பிறகு ஒவ்வொன்றாக வரும். ஷெட்டிலிருந்து ஷெட் வரை கிலோமீட்டர், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா, மலை ஏறினால் தனி, கேரளா பர்மிட், டோல், பார்க்கிங். ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள் கணக்கு. ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. வேன்காரர் எதிரில் நிற்பார். ‘என்ன தம்பி இது’ என்று கேட்கலாம். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சம் குறைப்பார். போன் திரைக்குத் தலையும் இல்லை, சொறிய வழியும் இல்லை. மூலையில் ஒரு கடிகாரம் மட்டும் பத்து நிமிஷத்தில் விலை மாறும் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் இதைச் சரி செய்திருக்கிறார்கள். ஐரோப்பிய யூனியனில் 2008-ஆம் வருஷத்து விதிப்படி, தவிர்க்க முடியாத வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த இறுதி விலையை எப்போதும் காட்ட வேண்டும். கூடுதல் சேவைகளை நாமாக டிக் போட்டுத்தான் சேர்க்க வேண்டும். அமெரிக்காவிலும் 2012 முதல் விளம்பர விலை வரி உட்பட்ட முழு விலையாக இருக்க வேண்டும். அங்கேயும் பெட்டிக்கும் இருக்கைக்கும் தனியாகக் கறக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தவிர்க்கவே முடியாத ஒரு கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பது அங்கே விதிமீறல். நம் தளங்களும் இப்போது வரியைச் சேர்த்துத்தான் பெரும்பாலும் காட்டுகின்றன. வசதிக் கட்டணத்தையும் அதோடு முதல் பக்கத்துக்குக் கொண்டு வர என்ன தடை?

எங்கள் தெருவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. மும்பையில் இருக்கும் மகளைப் பார்க்க வருஷத்துக்கு இரண்டு முறை தானே டிக்கெட் போட்டுக்கொண்டு போய் வருவார். போன வருஷம் டிக்கெட் போடும்போது காப்பீடு, இருக்கை, உணவு என்று எல்லாவற்றுக்கும் ‘சரி’ அழுத்திவிட்டார். அழுத்தாவிட்டால் டிக்கெட்டே வராதோ என்று பயம். மகள் பில்லைப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இனிமே நீங்க போடாதீங்க, நானே போட்டுடறேன்’ என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதிலிருந்து அவர் கேட்பதில்லை. அவளுக்கு லீவு எப்போது, தோது எப்போது என்று பார்த்து அவள் போட்டால் போகிறார். இப்போது வருஷத்துக்கு ஒரு முறைதான்.

அவரை நம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என் மகன் ஞாயிற்றுக்கிழமை இருப்பான். எந்த டிக்கை எடுக்க வேண்டும், எந்த மங்கலான பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.