போருக்குள் விளையாடிய பிள்ளைகள்: எம் இளையோருக்கு நாம் சொல்லாத கதை

1944 ஏப்ரல் 1, சனிக்கிழமை. காலை 11 மணிக்குச் சற்று முன்னர் அமெரிக்கப் போர்விமானங்கள் ஷாஃப்ஹவுசன் நகர்மீது குண்டுகளை வீசின. ஜேர்மனியின் லுட்விக்ஸ்ஹாபன் நகரைத் தாக்கப் புறப்பட்டு வழிதவறிய அவை, ரைன் ஆற்றின் வடகரையில் இருந்த இந்த நடுநிலை நாட்டு நகரைப் பகைவர் நகரென எண்ணிவிட்டன. 40 பேர் உயிரிழந்தனர். அபாயச் சங்கு ஒலித்தும் பலர் பதுங்கிடம் நாடவில்லை. அதற்கு முன்னர் எத்தனையோ தடவை சங்கு ஒலித்தும் எதுவும் நிகழ்ந்திராததால் வந்த பழக்கம் அது. அமெரிக்கா தவறை ஒப்புக்கொண்டு இழப்பீடு வழங்கியது. அன்று சிறுவராயிருந்தோர் தமது முதுமையிலும் அந்நாளைப் பற்றிப் பேசி வந்துள்ளனர்.

இந்நகரில் வளரும் எம் பிள்ளைகளுக்கு அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அறிந்துகொள்ள வழியுண்டு. தம் தாயின் பத்தாவது வயது எவ்வாறு கழிந்தது என்பதை அறியத்தான் வழியில்லை. தாயகப் போரைப் பற்றி அவர்கள் கேட்பதெல்லாம் நினைவுநாள் மேடைகளில் சொல்லப்படும் எண்ணிக்கைகளும், அங்கே காட்டப்படும் நிழற்படங்களுமே. அவை தேவையற்றவை என்று எவரும் கூறமாட்டார். ஆனால் எண்ணிக்கையோடு ஒரு பிள்ளை உரையாட முடியாது.

இதனை எண்ணும்போது, ஆங்கில இயக்குநர் ஜோன் போர்மன் 1987 இல் எடுத்த 'ஹோப் அண்ட் குளோரி' என்னும் திரைப்படத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து பார்க்க வேண்டும் எனத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலண்டன் புறநகரில் கழிந்த தமது சிறுபராயத்தையே அவர் படமாக்கினார். போர்க்களம் அதில் இல்லை. தந்தை படையில் சேர்ந்துவிட, தாய் தனித்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். பில் என்னும் சிறுவனோ இடிபாடுகளுக்கிடையே குண்டுச் சிதறல்களைப் பொறுக்கிச் சேர்க்கிறான். அவனுக்கு அச்சமும் உண்டு, அதைவிடக் கூடுதலாகக் குதூகலமும் உண்டு. குண்டுவீச்சில் தாயை இழந்த ஒரு சிறுமியைச் சூழ்ந்து நின்று, என்ன பேசுவதென்று அறியாது பிள்ளைகள் விழிக்கும் காட்சி ஒன்று போதும், போர்மன் எதையும் மறைக்கவில்லை என்பதற்கு.

அப்படத்தில் பாடசாலை குண்டினால் சிதைந்து கிடக்கக் கண்ட மாணவர் ஆரவாரம் செய்கின்றனர். ஒருவன் வானத்தை நோக்கி ஹிட்லருக்கு நன்றி கூறுகிறான். அரங்கு சிரிக்கும் இடம் அது. எம்மால் சிரிக்க இயலாது. 1995 செப்டெம்பர் 22 அன்று நாகர்கோவில் மகாவித்தியாலயத்தின் மீது சிறிலங்கா வான்படை குண்டு வீசியபோது பாடசாலை வெறுமையாக இருக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட மாணவர் கொல்லப்பட்டனர். செய்தித் தணிக்கை அதற்கு முந்திய நாள்தான் நடைமுறைக்கு வந்திருந்தது.

ஆயினும், அதே யாழ்ப்பாணத்தில் அதே ஆண்டுகளில் பிள்ளைகள் விளையாடவும் செய்தனர் என்பதும் உண்மையே. 1990 இல் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், மின்கலம், சவர்க்காரம் என யாவும் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டன. ஜாம் போத்தலில் பஞ்சும் சிறிதளவு மண்ணெண்ணெயும் இட்டுச் செய்த சிக்கன விளக்கின் ஒளியில் பரீட்சைக்குப் படித்தார்கள். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் மிதிக்க, அதன் டைனமோவில் வானொலி பாடிற்று. இரைச்சலைக் கொண்டே எவ்விமானம் வருகிறதெனக் கூறும் வல்லமை பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்தது. ஆடி அசைந்து வரும் ஒன்றுக்குச் 'சகடை' என்று பெயரும் வைத்திருந்தார்கள். வெற்றுச் சன்னக் கோதுகளைச் சேர்த்துப் பண்டமாற்றுச் செய்தார்கள். பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிய பங்கருக்குள் மழைநீர் நின்றால் தவளை பிடித்தார்கள்.

இவற்றை ஏன் சொல்லத் தயங்குகிறோம்? சிரித்ததைச் சொன்னால் பட்ட துன்பம் பொய்யாகிவிடுமோ என்ற அச்சம் ஒன்று. தஞ்சம் கோரி விசாரணை அதிகாரி முன் அமர்ந்த நாளில் எம்மவர் பழகிய பேச்சுமுறை மற்றொன்று. திகதி, இடம், இழப்பு என்று வரிசை குலையாமல் சொல்ல வேண்டியிருந்தது. தவளை பிடித்த கதைக்கு அங்கு இடமில்லை. அந்தப் பேச்சே பின்னர் வீட்டுப் பேச்சாகவும் ஆகிவிட்டது. எமக்கு உவப்பற்ற நினைவுகளும் உள்ளன. பிள்ளையைப் போருக்குப் பறிகொடுத்துவிடுவோமோ என அஞ்சி, இறுதி ஆண்டுகளில் அவர்களை ஒளித்து வைத்த தாய்மாரின் நினைவு அவற்றுள் ஒன்று. அதையும் மறைத்துவிட்டுச் சொல்லும் கதையைப் பிள்ளைகள் நெடுநாள் நம்பமாட்டார்கள்.

போர்மன் தமது கதையைப் படமாக்கும்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 1990 இல் பத்து வயதாயிருந்த எம்மவர் இன்று நாற்பதைத் தாண்டிவிட்டனர். படம் எடுக்க எல்லோராலும் இயலாது. ஒலிப்பதிவு செய்ய இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். கேள்வி கேட்க ஒரு பிள்ளை வேண்டும். தொடங்குவதற்கான இடமும் அருகிலேயே உள்ளது. 1963 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்பின் சுவிற்சர்லாந்தில் எழுந்த அடுக்குமாடிகள் பலவற்றின் அடித்தளத்தில், கனத்த கொங்கிறீற்றுக் கதவுடன் பாதுகாப்பறை ஒன்று உண்டு. எம்மவர் அங்கே அரிசி மூட்டையும் பழைய மிதிவண்டியும் வைத்திருப்பர். பிள்ளைக்குப் பங்கர் என்றால் அந்த அறைதான். அரிசி எடுக்கக் கீழே இறங்கும் ஒரு மாலையில், "அம்மா, உங்கட பங்கருக்குக் கதவு இருந்ததா?" என்று பிள்ளை கேட்கட்டும்.