ஆசிரியர் உரை: ஓடிய மணிக்குக் கணக்கு வேண்டும்

காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போனால் வெம்பாக்கம். ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரம். அதை ஒட்டிய செய்யாறு பகுதியில் மஹிந்திரா நிறுவனம் 2021இல் 454 ஏக்கரில் எஸ்.யூ.வி. சோதனைத் தடம் ஒன்றைத் திறந்தது. விற்பனைக்கு வருமுன் ஒரு வண்டியைச் சேற்றிலும் மணலிலும் கல்லிலும் ஏற்றத்திலும் ஓட்டி வதைப்பதற்கான இடம் அது. வதைப்பது பாதி வேலைதான். ஓட்டம் முடிந்ததும் வண்டியைத் தூக்கி நிறுத்தி, எது தளர்ந்தது, எது தேய்ந்தது, எத்தனை மணி ஓட்டத்துக்குப் பிறகு என்று எழுதுவது மீதிப் பாதி. எந்தச் சோதனைத் தடத்துக்கும் இதுவே இலக்கணம்.

அதே செம்மண்ணில், அதே வெயிலில், வார இறுதியில் மண் தடப் பந்தயத்துக்கு வண்டி இறக்குகிறவர்கள் நம் வாசகர்கள். போலாரிஸ் நிறுவனம் 2011இல் இந்தியாவுக்கு வந்ததிலிருந்து ஜீப், பைக் ஆகியவற்றோடு சைடு-பை-சைடு வண்டிகளும் நம் பட்டறைகளுக்கு வரத் தொடங்கின. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் இருக்கை, ஸ்டியரிங், மேலே குழாய்க் கூண்டு, நான்கு சக்கரத்துக்கும் நீளமான சஸ்பென்ஷன். டக்கார் ராலியில் இந்த வண்டிகளுக்கென்றே தனி வகுப்பு இருக்கிறது. ஆனால் இவற்றைப் பற்றி இந்த இதழுக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே திசையில் போகின்றன: எந்த டயர் போடலாம், எந்த சைலன்சர் மாற்றலாம், ட்யூன் செய்தால் எத்தனை குதிரைத்திறன் கூடும்? எதை எப்போது கழற்றிப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர் அபூர்வம்.

வேலைத்திறமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையைப் பந்தயத் தடமாக்கிய சோழவரமும், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பும், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி கட்டிய கோவை கரிவரதனும் விட்டுச்சென்ற மரபு நம்முடையது. கைக்குக் கிடைத்ததை வைத்து வண்டி கட்டத் தெரியும். கட்டிய வண்டிக்குக் கணக்கு வைக்கும் பழக்கம்தான் பட்டறைக்குப் பட்டறை பரவவில்லை. அமெச்சூர் மண் தடத்தில் ஒரு சைடு-பை-சைடு தோற்பது பெரும்பாலும் எதிரியின் வேகத்தால் நேர்வதில்லை. முன்பே பார்த்திருக்க வேண்டிய ஒரு சின்னப் பாகத்தால் நேர்கிறது.

பெல்ட்டிலிருந்து தொடங்குவோம். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எஞ்சினின் மொத்தச் சக்தியும் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. முன் கிளட்ச்சின் எடைகள் சுழலும் வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு, பெல்ட்டை இரு தட்டுகளுக்கு நடுவே நெருக்குகின்றன. பின் கிளட்ச்சில் ஸ்பிரிங் எதிர்த்து நிற்கிறது. பல்லும் இல்லை, சங்கிலியும் இல்லை. உராய்வு மட்டுமே பிடிமானம். நம் செம்மண் காய்ந்தால் டால்கம் பவுடர் போலாகிவிடும். அது தட்டில் படிந்தால் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் அதன் பக்கங்கள் கண்ணாடி போல் மின்னும், மின்னியது இன்னும் வழுக்கும். வட்டமிட்டு வரும் இந்தக் கேடு, சித்திரை வெயிலில் பந்தயத்தின் ஒரே ஹீட்டில் பெல்ட்டை நார்நாராக்கிவிடும்.

தடுக்கும் வழிகள் எல்லாம் மலிவானவை. புது பெல்ட்டை நேராகப் பந்தயத்துக்குப் பூட்டக் கூடாது. முதல் 50 கிலோமீட்டரை அரை முடுக்கத்துக்குள், இடையிடையே ஆறவிட்டு ஓட்டிப் பழக்க வேண்டும். உதிரியாக எடுத்துப் போகும் பெல்ட்டும் அப்படிப் பழக்கியதாக இருக்க வேண்டும். உறை பிரிக்காத பெல்ட்டைப் பந்தய நடுவில் மாட்டுவது அடுத்த அறுப்புக்கு அச்சாரம். கிளட்ச் தட்டுகளை நாருள்ள தேய்ப்பானும் ஆல்கஹாலும் கொண்டு துடைத்துக் காயவிட வேண்டும். விரல் எண்ணெய்கூடப் படக் கூடாது. பல வண்டிகளில் கிளட்ச் பெட்டிக்குக் காற்று கொண்டுவரும் குழாய்க்குத் தனி வடிகட்டி உண்டு. எஞ்சின் ஃபில்டரை வாரம் தவறாமல் பார்ப்பவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். மெதுவாக ஏறவேண்டிய இடத்தில் ‘ஹை’ கியரில் நின்று முடுக்குவது பெல்ட்டைச் சுடுவதற்குச் சமம். பெரிய டயர் மாட்டுகிறவர் அதற்கேற்ப கிளட்ச் எடைகளையும் ஸ்பிரிங்கையும் மாற்றாவிட்டால் அந்தச் சுமை முழுவதும் பெல்ட்டின் தலையில்தான் விழும். அறுந்த பெல்ட்டை எடுத்தபின் பெட்டிக்குள் சிதறிய நூல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஷாஃப்ட்டில் சுற்றிய ஒரு நூல் எண்ணெய் சீலைக் கிழித்தால், பெல்ட் செலவு எஞ்சின் செலவாக வளரும்.

அடுத்தது காற்று. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 8000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 லிட்டர் காற்றை இழுக்கும். அரை மணி நேரம் அப்படி ஓடினால் 1,20,000 லிட்டர். முன்னே போகும் வண்டி கிளப்பும் புழுதியோடுதான் அத்தனையும் உள்ளே வருகிறது. ஃபில்டர் சீல் ஓரிடத்தில் முடி அளவு விலகியிருந்தாலும், மணல்தூள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அரைக்கத் தொடங்கும். ஓட்டுநருக்கு முதலில் எதுவும் தெரியாது. சில பந்தயங்கள் கழித்து எண்ணெய் குறையும், புகை வரும், இழுவை குறையும். அப்போது யாரோ “எஞ்சின் போய்விட்டது” என்பார்கள். அது ஒரே நாளில் போனதில்லை.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் ஃபில்டருக்கு அப்பால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் புழுதி உள்ளே போகிறது என்று அர்த்தம். காரணம் கண்டுபிடிக்காமல் வண்டியைத் தடத்தில் இறக்கக் கூடாது. ஃபில்டர் பெட்டியைத் திறக்கும் முன் அதன் வெளிப்புறத்தைத் துடையுங்கள். திறக்கும்போது விழும் மண் பந்தயத்தில் போன மண்ணைவிடக் கூடுதலாக இருப்பதுண்டு. காகித ஃபில்டரை பஞ்சர் கடைக் கம்ப்ரசரின் முழு அழுத்தத்தில் ஊதும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்த ஃபில்டர் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். நுரை ஃபில்டரானால் கழுவி, முழுதும் காயவைத்து, உரிய எண்ணெயைச் சீராகப் பிசைந்து ஏற்ற வேண்டும். கழிக்கும் எஞ்சின் எண்ணெயை அவ்வப்போது ஆய்வகத்துக்கு அனுப்பிச் சிலிக்கான் அளவு பார்ப்பது புழுதிக் கசிவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓட்டம் முடிந்ததும் வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்ட்டோ போகிறது. பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராடு எண்டையும் ஸ்டியரிங் ராக்கையும் பாருங்கள். ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் அன்றே மாற்றுங்கள். மண் புகுந்த ஜாயிண்ட் அடுத்த பந்தயத்தைத் தாங்காது. முக்கிய போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, போல்ட்டிலிருந்து சட்டம் வரை பெயிண்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டால், தளர்ந்தது எது என்று ரெஞ்ச் எடுக்காமலே கண் சொல்லும். வீல் நட்டுகளை முதல் ஹீட்டுக்குப் பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும். ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேற்றைப் பின்புறத்திலிருந்து முன்புறமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையின் பீய்ச்சும் குழாயைப் பேரிங்குக்கும் சீலுக்கும் நேராகப் பிடித்தால், கழுவியதாக நினைத்து நீங்களே தண்ணீர் ஏற்றுகிறீர்கள்.

பாதுகாப்பில் சுருக்கத்துக்கு இடமில்லை. கம்பெனியில் வரும் கூண்டு பொழுதுபோக்கு ஓட்டத்துக்கானது. பந்தயத்துக்கான கூண்டு என்றால் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் பின்னிணைப்பு ஜே, பிரிவு 253 அளவுகோலாக இருக்கட்டும்: முதன்மை வளையத்துக்குத் தையலில்லாத கார்பன் எஃகுக் குழாய், 45 மில்லிமீட்டர் விட்டத்தில் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு அல்லது 50 மில்லிமீட்டர் விட்டத்தில் 2 மில்லிமீட்டர் தடிப்பு. கேட்டும் கிரில்லும் அடிக்கிற பட்டறை, தையலுள்ள தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்துத் தரும் கூண்டு புகைப்படத்தில் ஒன்றுபோலத் தெரியும்; உருளும்போதுதான் வித்தியாசம் தெரியும். கூண்டுக் குழாயில் விளக்கு மாட்டத் துளை போடக் கூடாது. எஃப்.ஐ.ஏ. சான்றுள்ள பல புள்ளி இருக்கை பெல்ட்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. வார் பளபளப்பாக இருக்கிறதே என்று தேதி தாண்டி ஓட்டுவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது. பக்கவாட்டு வலை கட்டாயம் வேண்டும். வண்டி சாயும்போது கையை வெளியே ஊன்றுவது மனித இயல்பு, வலை அந்த இயல்பிலிருந்து கையைக் காக்கும்.

இதெல்லாம் தெரிந்த விஷயம்தானே என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்லலாம். தெரியும். ஆனால் போன பந்தயத்தில் பூட்டிய பெல்ட் எத்தனை மணி ஓடியது என்று கேட்டால் பட்டறையில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? இடது முன் சக்கரத்தின் பேரிங்கைக் கடைசியாக மாற்றியது யார், எப்போது? நினைவில் இருப்பதாகச் சொல்கிறவரின் நினைவு அடுத்த வண்டி உள்ளே வந்ததும் கலைந்துவிடும். தறியில் இழை அறுந்தால் ஆரணி நெசவாளர் அந்த இடத்திலேயே நிறுத்தி முடிச்சிடுவார். புடவை முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. வண்டிக்கு அந்த இடத்திலேயே நிற்கும் வாய்ப்பைத் தருவது எழுதி வைத்த கணக்குதான்.

நம் ஊருக்கு இந்தக் கணக்கு கூடுதலாகத் தேவை. இந்த வண்டிகளின் பல பாகங்கள் கடல் தாண்டி வர வேண்டியவை. பேரிங் மேல் பொறித்த எண்ணைக் காட்டி உள்ளூர்க் கடையில் இணையானதை வாங்கிவிடலாம். பெல்ட்டையும் கண்ட்ரோல் ஆர்மையும் அப்படி வாங்க முடியாது. வெளிநாட்டு ஓட்டுநருக்கு ஒரு பிற்பகல் இழப்பாக இருப்பது இங்கே ஒரு சீசன் இழப்பாகிறது. எது எப்போது தேயும் என்று முன்னமே தெரிந்தவருக்கு, வரவழைக்க வேண்டியதை நேரத்தில் வரவழைக்க முடியும்.

மாணவர்களிடம் இந்த ஒழுக்கம் ஏற்கெனவே வந்திருக்கிறது. 2007இல் இந்தூர் அருகே பீதம்பூரில் தொடங்கிய பாஜா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டியில் பொறியியல் கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை வண்டியை நான்கு மணி நேரத் தாங்குதிறன் ஓட்டத்தில் இறக்குகின்றன. எஞ்சின் எல்லோருக்கும் ஒன்று என்பதால் சக்தியில் யாரும் முந்த முடியாது. நிற்காமல் ஓடும் வண்டிதான் மேலே வரும். வடிவமைப்புக் கணக்கையும் செலவுக் கணக்கையும் நடுவர் முன் வைத்து நியாயப்படுத்த வேண்டும். கல்லூரியை விட்டு வந்து பட்டறையில் கால் வைத்ததும் அந்தப் பழக்கத்தை நாம் மறக்கடித்துவிடுகிறோம்.

ஆகவே இந்த இதழ் இரண்டு கோரிக்கைகளை வைக்கிறது. பட்டறைகளுக்கு: வண்டியைத் திருப்பித் தரும்போது பில்லோடு ஒரு நோட்டும் தாருங்கள். எஞ்சின் ஓடிய மணி, தடத்தின் தன்மை, பெல்ட்டின் வயது, ஃபில்டர் குழாய்த் துணியின் நிறம், தளர்ந்திருந்த போல்ட், அளந்த ஆட்டம், ஓட்டுநர் சொன்ன குறை, பார்த்தவரின் கையெழுத்து, இத்தனை போதும். கிலோமீட்டரை விட மணிக்கணக்கு முக்கியம், ஏனெனில் மண் தடத்தில் எஞ்சின் படும் பாட்டைத் தூரம் காட்டாது. கிளப்புகளுக்கு: பந்தயத்துக்கு முந்தைய ஸ்க்ரூட்டினி மேசையில் ஹெல்மெட்டையும் கூண்டையும் பார்ப்பதோடு, நோட்டின் கடைசி மூன்று பதிவுகளையும் கேளுங்கள்.

முதல் நாள் இரவு உட்கார்ந்து பொய்யாக எழுதிக்கொண்டு வருவார்கள் என்ற ஆட்சேபம் வரும். வரட்டும். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரு குறைகூடக் காணாத நோட்டு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். அதை வண்டியின் அடியில் படுத்துச் சரிபார்க்க அனுபவமுள்ள ஸ்க்ரூட்டினியருக்குப் பத்து நிமிடம் போதும். இன்னொரு தடை சொல்லப்படாமலே இருக்கிறது: குறையை எழுதி வைத்தால் உரிமையாளர் மெக்கானிக் மேல் பழி போடுவார் என்ற அச்சம். இதை மாற்ற வேண்டியவர் உரிமையாளர். விரிசலைக் கண்டு எழுதிய மெக்கானிக் தன் வேலையைச் செய்திருக்கிறார். விரிசலே இல்லை என்று சீசன் முழுதும் எழுதுகிற பட்டறையைத்தான் சந்தேகிக்க வேண்டும். குறைகளை உள்ளபடி எழுதிய நோட்டு, வண்டியை விற்கும் நாளில் வாங்குபவருக்கு எந்தப் புது டயரைவிடவும் நம்பிக்கை தரும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தடங்கள் காயும் வரை பட்டறைகளுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் கழற்ற வேண்டியதைக் கழற்றுங்கள்; கண்டதை எழுதுங்கள். தை பிறந்து முதல் ஹீட் தொடங்கும்போது ஒவ்வொரு வண்டியோடும் ஒரு நோட்டு வர வேண்டும். நோட்டில்லாத வண்டியை எப்போதிலிருந்து திருப்பி அனுப்புவது என்பதைக் கிளப்புகள் இந்த ஓய்வுக் காலத்திலேயே கூடி முடிவு செய்யட்டும்.