90/10-உடன் 70/30: அஞ்ச வேண்டிய இடம் வேறு

டிரை டாக் சமயத்தில் இந்தக் கேள்வி எழாத யார்டு இருக்காது. கடல்நீர் லைனில் ஓர் எல்போ ஓட்டையாகிவிட்டது. வரைபடத்தில் 70/30 குப்ரோநிக்கல் என்று இருக்கிறது, ஸ்டோரில் கிடப்பதோ 90/10. கப்பல் நாளை மறுநாள் மிதந்தாக வேண்டும். ‘இரண்டையும் சேர்த்தால் கால்வானிக் அரிப்பு வரும், தொடாதே’ என்கிறது ஒரு தரப்பு. ‘எல்லாம் செம்பும் நிக்கலும்தானே, போட்டுத் தள்ளு’ என்கிறது இன்னொன்று. இரு தரப்பும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்பது எங்கள் கருத்து.

கால்வானிக் பயத்தை முதலில் அளந்துவிடுவோம். ஓடும் கடல்நீரில், கலோமெல் மின்வாயை ஒப்பிட்டு அளந்தால், 90/10-இன் மின்னழுத்தம் ஏறத்தாழ மைனஸ் 0.21 முதல் மைனஸ் 0.28 வோல்ட் வரை. 70/30-க்கு மைனஸ் 0.18 முதல் மைனஸ் 0.23 வரை. இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இடைவெளி சில பத்து மில்லிவோல்ட்தான். கார்பன் ஸ்டீலோ டைட்டானியமோ இதே குழாயோடு சேரும்போது வரும் வித்தியாசத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. அதோடு, 90/10 குழாய்களை நாம் வெல்டு செய்வதே 70/30 ஃபில்லர் கம்பியால்தான். வெல்டு குழாயைவிடச் சற்று உயர்குணமாகவும் பரப்பில் சிறியதாகவும் இருக்கட்டும் என்று தெரிந்தே செய்யும் தேர்வு அது. ஆக, ‘எங்கள் 90/10 லைனில் கலப்பே கிடையாது’ என்பவரின் ஒவ்வொரு வெல்டிலும் கலப்பு உட்கார்ந்திருக்கிறது. பெரிய 70/30 லைனின் நடுவே சிறிய 90/10 துண்டு வருவது பரப்பு விகிதத்தில் பாதகமான திசை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் சில மில்லிவோல்ட்டை வைத்து மட்டும் நாங்கள் வேலையை நிறுத்த மாட்டோம்.

நிறுத்தச் சொல்வது வேகத்துக்காக. 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாயில் 90/10-க்கு வழக்கமாக வகுக்கும் உச்சம் வினாடிக்கு 3.5 மீட்டர், 70/30-க்கு 4 மீட்டர். சிறிய குழாயிலும் குறுகிய வளைவிலும் இன்னும் குறையும். 4 மீட்டரை நம்பி வரைந்த லைனில், அதுவும் நீர் சுழன்றடிக்கும் எல்போவிலேயே, 90/10-ஐ வைத்தால் பாதுகாப்புப் படலம் உரிந்து குழாய் குடையப்படும். அடுத்தது அழுத்தம். 90/10-இன் வலிமை குறைவு. அதே தடிமனில் அது தாங்கும் அழுத்தமும் குறைவு. மேற்பரப்புக் கப்பலின் குளிரூட்டும் லைனில் இதைக் கணக்குப் போட்டுச் சமாளித்துவிடலாம். ஆழத்தில் 10 மீட்டருக்கு ஒரு பார் என ஏறும் நீர்மூழ்கியில் அந்த வாய்ப்பே கிடையாது.

பழி மாறி விழும் இடம் ஒன்றும் உண்டு. குப்ரோநிக்கலைக் காப்பது அதன்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். வெதுவெதுப்பான தூய கடல்நீரில் அது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும், முழுதாக முதிர வாரங்களோ மாதங்களோ ஆகும். புதுத் துண்டைப் பொருத்திய கையோடு, சல்ஃபைடு மண்டிய துறைமுக நீரை லைனில் நிரப்பி இரண்டு வாரம் நிறுத்திவைத்தால் நல்ல படலம் எங்கிருந்து வரும்? சில மாதத்தில் குழி விழும்போது, ‘அன்றைக்கே சொன்னேனே, உலோகம் மாறினால் இப்படித்தான்’ என்பார்கள். அதே 70/30-ஐப் போட்டிருந்தாலும் குழி விழுந்திருக்கும். நான்கு நாளுக்கு மேல் நிற்கப் போகிறதென்றால் நீரை வடித்துவிடுங்கள். சோதனைக்கு நன்னீர் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எங்களை உறுத்துவது எழுதப்படாத மாற்றம். அமெரிக்க நீர்மூழ்கி திரெஷர் 1963 ஏப்ரல் 10-இல் 129 பேருடன் மூழ்கியது. கடல்நீர்க் குழாயில் வெள்ளிப் பற்றாசு வைத்த ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம் என்பது விசாரணையின் கணிப்பு. அதற்கு முன் அந்தக் கப்பலில் அல்ட்ராசோனிக் முறையில் பார்த்த 145 இணைப்புகளில் சுமார் 14 சதவீதம் தரம் குறைந்தவை என்று தெரிந்திருந்தது, மீதியைப் பார்க்கவில்லை. அங்கே கலப்புலோகம் மாறியதாக யாரும் சொல்லவில்லை. ஆனால் அதே ஆண்டு பிறந்த சப்சேஃப் திட்டம், எந்தத் துண்டு எந்தப் பொருள், யார் சோதித்தார் என்பதற்குச் சான்று இல்லாமல் கடல்நீர் அமைப்பில் எதையும் ஏற்பதில்லை என்று வைத்துக்கொண்டது.

நம் பட்டறைகளில் நிறத்தை நம்புகிறார்கள். பழைய குப்ரோநிக்கல் ஒரு ரூபாய் நாணயம்போல 70/30 வெள்ளியாக மின்னும், 90/10-இல் இளஞ்சிவப்பு தெரியும் என்பது சரிதான். ஆனால் ஒரு பருவம் கடல்நீர் பட்ட குழாயில் இரண்டும் ஒரே நிறம். கையடக்க எக்ஸ்-கதிர் கருவி சில வினாடிகளில் நிக்கல் அளவைச் சொல்லிவிடும்.

எங்கள் முடிவு இது: 90/10 லைனில் 70/30 துண்டைத் தாராளமாகப் போடலாம். 70/30 லைனில் 90/10-ஐப் போடுவதானால் வேகம், தடிமன் இரண்டையும் கணக்கிட்டுச் சர்வேயரிடம் ஒப்புதல் பெற்ற பிறகு போடுங்கள். எதைப் போட்டாலும் துண்டின்மேல் முத்திரை குத்தி, வரைபடத்தை அன்றைக்கே திருத்திவிடுங்கள்.