கடல் தாண்டும் பிள்ளைக்குக் கரண்டி பிடிக்கவும் கற்றுக் கொடுங்கள்!

துபாயில் மழை பெய்தது.

சாதாரண மழை அல்ல. பேய் மழை!

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ந் தேதி. செவ்வாய்க்கிழமை. ஐக்கிய அரபு நாடு முழுவதும் வானம் பிளந்து கொண்டு கொட்டியது. அல் ஐன் பகுதியில் ஓர் இடத்தில் ஒரே நாளில் 25 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த நாட்டில் மழைக் கணக்கு எழுதத் தொடங்கியது 1949-ல். அன்று முதல் 75 ஆண்டுகளில் இப்படி ஒரு மழை கிடையாது.

சாலைகள் ஆறாயின. கார்கள் படகு போல மிதந்தன. விமான நிலையத்தில் தண்ணீர் புகுந்தது. வேலைக்குப் போனவர் திரும்ப முடியவில்லை. வீட்டில் இருந்தவர் வெளியே போக முடியவில்லை. சாப்பாடு கொண்டு வரும் மோட்டார் சைக்கிள்காரர்களும் வழியில் தவித்தார்கள்.

எல்லோருக்கும் மழை விடுமுறை கொடுத்தது. வயிறு விடுமுறை கொடுக்குமா?

ஓர் அறை

அன்று துபாயில் ஓர் அறையை எண்ணிப் பாருங்கள்.

ஆறு பேர். பெரியபட்டினம், கீழக்கரை, ராமேசுவரம் என்று எல்லோரும் ஒரே கடற்கரையின் பிள்ளைகள். கட்டிலுக்கு மேல் கட்டில். மூலையில் சிறிய சமையல் அறை. தினமும் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகியவர்கள்.

மெஸ் இல்லை. ஓட்டல் இல்லை. காலையில் ரொட்டித் துண்டு. மத்தியானம் பிஸ்கட். மாலையில் அதுவும் தீர்ந்தது.

அலமாரியைத் திறந்தார்கள். ஒரு பொட்டலம் மைதா. அரை டஜன் முட்டை. நாலு தக்காளி. கொஞ்சம் பூண்டு. வற்றல் மிளகாய். எண்ணெய், உப்பு. அரிசி இல்லை.

அய்ந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். ஆறாவது ஆள் மட்டும் கையைக் கழுவுகிறார். அவருக்குச் சமைக்கத் தெரியும்.

"காக்கா, இதை வைத்து என்ன செய்யப் போறீங்க?"

"பாஸ்தா செய்யப் போறேன், தம்பி. தண்ணியைக் கொதிக்க வை."

ஒரு மணி நேரத்தில் ஆறு தட்டிலும் சுடச்சுட ஆவி பறக்கிறது.

"காக்கா, இது நம்ம இடியாப்பத்துக்குச் சொந்தக்காரன் போல இருக்கே!"

அறையில் சிரிப்புச் சத்தம். வெளியே மழைச் சத்தம்.

இப்படிப்பட்ட ஓர் ஆள் இருந்த அறை அன்று பிழைத்தது. இல்லாத அறை பட்டினி கிடந்தது. ஆறு பேரில் ஒருவருக்குத்தான் சமைக்கத் தெரியும் என்றால், மற்ற அய்ந்து பேருக்கு ஏன் தெரியவில்லை? இதுதான் கேள்வி.

செய்வது எப்படி?

பாஸ்தா என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று பயப்பட வேண்டாம். ரொட்டி தட்டத் தெரிந்தவர் பாஸ்தாவும் செய்யலாம்.

ஓர் ஆளுக்கு 100 கிராம் மாவு, ஒரு முட்டை. இதுதான் அளவு. மாவைக் குவித்து, நடுவில் குழி செய்து, முட்டையை உடைத்து ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைக்க வேண்டும். மாவு இளகும். பிறகு தேய்த்தால் சுருங்காது.

பூரிக்கட்டை இல்லையா? கண்ணாடிப் பாட்டில் போதும். மெல்லியதாகத் தேய்த்து, மேலே மாவு தூவி, பாய் போலச் சுருட்டிக் கத்தியால் நறுக்கினால் நீளநீளமான நாடாக்கள் கிடைக்கும். உப்புப் போட்ட கொதிநீரில் மூன்று நிமிடம் வேக வேண்டும். குழையக் கூடாது. கடித்தால் நடுவில் சற்றுப் பிடிப்பு இருக்க வேண்டும்.

இன்னொரு சட்டியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளி. தக்காளி மசிந்ததும், பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீரில் மாவுச்சத்து கரைந்து இருக்கிறது. அதனால் குழம்பு பாஸ்தாவில் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்!

முட்டை இல்லாவிட்டாலும் கவலை இல்லை. தென் இத்தாலியில் கெட்டிக் கோதுமை ரவையையும் தண்ணீரையும் மட்டும் பிசைந்து செய்கிறார்கள்.

இடியாப்பத்துக்கு மட்டும் ஏன் உரல் வேண்டும்? காரணம் உண்டு. கோதுமை மாவு ரப்பர் போல இழுபடும். அரிசி மாவு இழுபடாது, உடையும். அதனால்தான் கொதிநீர் விட்டுப் பிசைந்து, உரலில் போட்டுப் பிழிந்து, ஆவியில் வேக வைக்கிறார்கள். அங்கே கோதுமை விளைந்தது. இங்கே நெல் விளைந்தது. ஆக வேண்டிய காரியம் ஒன்றுதான்.

ராமநாதபுரம் கடற்கரை முஸ்லிம் வீடுகளில் தக்கடி செய்வார்கள். அரிசி மாவில் தேங்காயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, கொதிக்கிற கறி ஆணத்தில் போட்டு வேக வைப்பார்கள். மழை நாளில் அதற்கு ஈடு ஏது? இத்தாலியில் உருளைக்கிழங்கையும் மாவையும் பிசைந்து உருட்டி வேக வைக்கிறார்கள். அதன் பெயர் நொக்கி. ஊர்தான் வேறு. கைப்பக்குவம் ஒன்று.

கப்பலில் போன பண்டம்

பாஸ்தாவைச் சீனாவில் இருந்து இத்தாலிக்குக் கொண்டு போனவர் மார்க்கோ போலோ என்று ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதை.

மார்க்கோ போலோ பிறந்தது 1254-ல். அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன்பே, 1154-ல், அல் இத்ரீசி என்ற அரபு அறிஞர் ஒரு நூலை எழுதி முடித்தார். சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜருக்காக எழுதிய நூல் அது. அந்தத் தீவில் திராபியா என்ற ஊரில் மாவினால் இத்ரியா என்ற பண்டம் செய்து, கப்பல் கப்பலாக வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார். உலர்ந்த பாஸ்தாதான் அது.

கப்பலில் ஏன் போனது? காய்ந்த மாவுப் பண்டம் கெட்டுப் போகாது. மாதக் கணக்கில் இருக்கும். கொதிநீர் இருந்தால் போதும். ஊரை விட்டுப் போகிறவனுக்கு ஏற்ற உணவு.

பெரியபட்டினத்துக்கு இது புதுக்கதை அல்ல. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் அந்த ஊர் பெரிய துறைமுகம். சீனத்துக் கப்பல்களின் சரக்கு வந்து இறங்கிய ஊர். அங்கே மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைக்கின்றன. சப்பான் அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் அவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அன்று உலகம் அந்த ஊருக்கு வந்தது. இன்று அந்த ஊர்ப் பிள்ளைகள் உலகத்துக்குப் போகிறார்கள். வளைகுடா, மலேசியா, சிங்கப்பூர் என்று போகிறார்கள். இதைச் 'சபர்' என்பார்கள்.

சபருக்குப் போகிற பிள்ளைக்குப் பெட்டியில் என்னவெல்லாம் வைக்கிறார்கள்? ஊறுகாய், கருவாட்டுப் பொட்டலம், மசாலாத் தூள், தொதல்!

மசாலாத் தூளை வைக்கிற உம்மா, அதை எப்போது சட்டியில் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதில்லையே! அது ஏன்?

ஆண் பிள்ளைக்கு அடுப்படி எதற்கு?

"ஆண் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு.

அவர்கள் நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குப் போய்ப் பார்க்கட்டும். ஊருக்கே கஞ்சி காய்ச்சுவது யார்? ஆண்கள்தான். கல்யாண வீட்டில் பிரியாணி தம் போடுவது யார்? ஆண்கள்தான். கோயில் அன்னதானத்தில் அண்டா முன்னே நிற்பது யார்? அங்கும் ஆண்கள்தான்.

ஆயிரம் பேருக்குச் சமைத்தால் ஆணுக்குப் பெருமை. வீட்டில் நாலு பேருக்குச் சமைத்தால் மட்டும் அவமானமா? இது என்ன நியாயம்?

"மெஸ் இருக்கிறதே, அது போதாதா?" என்பார் இன்னொருவர்.

மெஸ் நல்லதுதான். உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு அது பெரிய உதவி. ஆனால் மழை வந்தால்? காய்ச்சல் வந்தால்? சம்பளம் இரண்டு மாதம் தாமதமானால்? மருத்துவர் உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னால்? மெஸ்காரர் ஒருவருக்காகத் தனிச் சட்டி வைப்பாரா?

பணத்தையும் கணக்குப் பாருங்கள். வெளிச் சாப்பாட்டுக்கும் அறைச் சமையலுக்கும் வேளைக்கு 5 திர்ஹம் வித்தியாசம் என்று வைத்துக் கொள்வோம். நாளுக்கு இரண்டு வேளை. மாதத்துக்கு 60 வேளை. ஆக 300 திர்ஹம். ஒரு திர்ஹம் 20 ரூபாய்க்கு மேல். மாதம் 6,000 ரூபாய்க்குக் குறையாது. ஆண்டுக்கு 72,000 ரூபாய்! தங்கை கல்யாணத்துக்கு ஆகும். வீட்டுக் கடனில் கொஞ்சம் அடையும்.

"நேரம் ஏது?" என்பதுதான் நியாயமான கேள்வி. பத்து மணி நேரம் வெயிலில் நின்றவனைத் தினமும் சமைக்கச் சொல்வது கொடுமை. ஆனால் ஆறு பேருக்கும் தெரிந்தால் முறை போட்டுக் கொள்ளலாம். ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள். ஏழாம் நாள் விடுமுறை அன்று எல்லோரும் சேர்ந்து சமைக்கலாம். ஒருவருக்கு மட்டும் தெரிந்தால், அவர் முதுகில்தான் எல்லாச் சுமையும் விழும்.

வீட்டில் இருப்பவள்

இன்னொன்றும் உண்டு. அதுதான் முக்கியம்.

அதே 2024-ஆம் ஆண்டு நவம்பர் 20-ந் தேதி ராமேசுவரத்தில் கடும் மழை. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தெருவெல்லாம் வெள்ளம். அன்றும் வீட்டு ஆண்கள் சாப்பிட்டார்கள். சமைத்தது யார்? ஒழுகுகிற கூரையின் கீழ், நனைந்த தரையில் நின்றுகொண்டு பெண்கள் சமைத்தார்கள். அது எந்தச் செய்தியிலும் வரவில்லை.

துபாய் அறையில் ஒருவர் ஒரு நாள் மாவு பிசைந்தால் அய்ந்து பேர் கைதட்டுகிறார்கள். ஊரில் ஒருத்தி முப்பது ஆண்டுகள் இடியாப்பம் பிழிகிறாள். அவளுக்குக் கைதட்டியது யார்? "உப்புக் கொஞ்சம் கம்மி" என்று சொன்னவர்கள்தான் உண்டு!

தானே மாவு பிசைந்து கை வலித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். விடுமுறைக்கு ஊர் வரும்போது மனைவியைப் பார்த்து, "இன்றைக்கு நீ உட்கார். நான் பார்த்துக் கொள்கிறேன்" என்பான். குடும்பத்துக்கு அதைவிட நல்ல வெளிநாட்டுச் சாமான் எது?

ஓர் எச்சரிக்கை

சமைக்கச் சொல்வதோடு இதையும் சொல்ல வேண்டும்.

படுக்கிற அறையில் அடுப்பு வைக்கக் கூடாது. ஒரே பிளக்கில் மூன்று மின்சாரச் சாமான்களைச் சொருகக் கூடாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. நெருப்பு மேலே பாயும். அடுப்பை அணைத்து, சட்டியை மூடியால் மூட வேண்டும். விடுதியில் சமைக்கத் தடை என்றால் அந்தத் தடையை மீறக் கூடாது. பொதுச் சமையல் அறை கேட்டு வாங்க வேண்டும்.

ஆறு பேர் படுக்கிற அறையில் ஒருவருடைய கவனக்குறைவு ஆறு உயிரைக் கேட்கும்.

என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட்டுக்கு மனு போட்ட அன்றே தொடங்கலாம். பாஸ்போர்ட்டும் விசாவும் வரும் வரை பிள்ளை சும்மாதானே இருக்கிறான்? அவனை அடுப்படிக்கு அழையுங்கள். சோறு, பருப்பு, ஒரு மீன் குழம்பு, ஒரு முட்டைக் கறி, ரொட்டி. இந்த அய்ந்து போதும். பிறகு பாஸ்தாவும் வரும், பிரியாணியும் வரும்.

வாப்பாக்களும் உதவ வேண்டும். இருபது ஆண்டுகள் அறையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள், ஊர் திரும்பியதும் அடுப்பு இருக்கும் திசையையே மறந்து விடுகிறார்கள். மகன் எதைப் பார்த்துக் கற்பான்?

வெளிநாடு போகும் தொழிலாளர்களுக்கு மத்திய அரசு புறப்படும் முன் பயிற்சி கொடுக்கிறது. போகிற நாட்டின் சட்டத்தையும் பழக்க வழக்கத்தையும் சொல்லுகிறார்கள். அதில் சமையலுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பெரிய செலவு இல்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மகனிடம் தாய் முதலில் கேட்பது சம்பளத்தை அல்ல. இந்துத் தாயும், முஸ்லிம் தாயும், கிறிஸ்தவத் தாயும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"சாப்பிட்டாயா?"

பட்டினி கிடந்துகொண்டே "சாப்பிட்டேன்" என்று பொய் சொல்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்தப் பொய் தாய்க்குத் தெரியும். அன்று இரவு அவளுக்கும் சோறு இறங்காது.

"சமைத்துச் சாப்பிட்டேன், உம்மா!" என்று மகன் சொல்லட்டும்.

அவளும் நிம்மதியாகத் தூங்குவாள்.