பனிக்காலத்தோடு நட்புக் கொள்வோம்



சமவெளியினின்று பணிமாற்றம் பெற்று ஜவ்வாது மலைக்கு வருவோர், மார்கழிக் குளிரைக் கண்டு மலைத்துப் போவதுண்டு. இங்கே வெண்பனி பெய்வதில்லை. எனினும், ஜமுனாமரத்தூரில் விடியற்காலை மூடுபனி எதிர்வீட்டையும் மறைத்துவிடும்.

உயரம் கூடக் கூட வெப்பம் குறையும். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி. மேகமற்ற இரவில் நிலம் தன் சூட்டை விரைந்து இழக்கிறது. குளிர்காற்று கனமானதாகையால் பள்ளத்தில் தேங்குகிறது. ஆதலால் குடியிருக்க மேட்டு வீட்டையே தேடுங்கள்.

அம்மேகமற்ற இரவே இம்மலையின் பெருஞ்செல்வம். அதனை நாடியன்றோ காவலூரில் வானாய்வுக்கூடம் அமைந்தது! 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே 1986-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. கருவி ஏதுமின்றியே நாமும் முற்றத்தில் நின்று கார்த்திகை மீன்கூட்டத்தைக் கண்டு மகிழலாம்.

கம்பளிப் போர்வையும் சூடான சாமைக் கஞ்சியும் இருந்தால் குளிர் இனிக்கும். ஆனால், கதவடைத்த அறையில் கரியடுப்பு மூட்டி உறங்காதீர்கள். நிறமும் மணமுமற்ற நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். திறந்த முற்றத்தில் நெருப்பு மூட்டுங்கள். அண்டை வீட்டாரையும் அழையுங்கள். மலைமக்களோடு அமர்ந்து பேசிப் பழகினால், முதற் பனிக்காலம் கழியுமுன் ஊரும் உங்களுடையதாகிவிடும்.